முன்பணம் யாருக்கு: ஓர் ஆய்வுக் கூட்டாண்மையின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் நான் வெளியாள் இல்லை. பணம் கொடுத்த முகமையில் இந்தத் திட்டத்தைக் கவனித்த அலுவலர் நான்தான். கீழே வரும் தவறுகளில் முதல் இரண்டும் என் மேசையைத் தாண்டிப் போனவை. ஆட்கள், இடம், நிறுவனங்கள் எதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பின்னணி

கல்குவாரியும் கிரஷரும் இயங்கும் ஒரு பகுதி. சுற்றிலும் வீடுகள். தூசி பற்றிப் பல வருடங்களாகப் புகார் எழுதிவந்த குடியிருப்போர் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. சம்பளத்துக்கு ஆள் இல்லை. கணக்கு வழக்கு, கடிதம், கூட்டம் எல்லாம் செயலாளர் ஒருவர் தலையில்தான். அவர் பணி ஓய்வு பெற்றவர். இன்னொரு பக்கம், காற்று மாசு பற்றி ஆய்வு செய்யும் ஒரு பல்கலைக்கழகத் துறை. அதன் பேராசிரியைக்குக் களம் தேவைப்பட்டது, சங்கத்துக்கு ஆதாரம் தேவைப்பட்டது. எங்கள் முகமை அந்தச் சமயத்தில்தான் 'சமூகத்தோடு சேர்ந்து ஆய்வு' என்று மூன்று வருட நல்கை (ஆய்வு நிதியுதவி) ஒன்றை முதன்முறையாக அறிவித்திருந்தது.

இந்த யோசனை புதிதில்லை. 1970களிலேயே நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் 'அறிவியல் கடை' என்ற பெயரில் குடிமக்கள் குழுக்களின் கேள்விகளை வாங்கி ஆய்வு செய்து கொடுத்தன. நிதி கொடுக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், கனடாவின் சமூக அறிவியல், மனிதவியல் ஆய்வு மன்றம் 1990களின் இறுதியில் சமூக அமைப்புகளையும் பல்கலைக்கழகங்களையும் இணைத்துத் தனித் திட்டம் தொடங்கியது. பின்னர் அது படிப்படியான நல்கைகளாக வளர்ந்தது. ஒரு வருடத்துக்கு 25,000 கனடிய டாலர் வரை கிடைக்கும் சிறு நல்கை, கூட்டாண்மையை வளர்த்தெடுக்க 2 லட்சம் வரை, ஏழு வருடம் வரை நீளும் பெரிய கூட்டாண்மைக்கு 25 லட்சம் வரை. அமெரிக்காவில் 2010இல் சட்டத்தின் மூலம் உருவான நோயாளி மைய விளைவு ஆய்வு நிறுவனம், விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவிலேயே நோயாளிகளை உட்கார வைக்கிறது.

எங்கள் அறிவிப்பை எழுதும்போது இவற்றையெல்லாம் படித்தோம். படித்து, நோக்கப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். படிக்கட்டையும் எடுக்கவில்லை, மதிப்பீட்டுக் குழுவின் அமைப்பையும் எடுக்கவில்லை. நேராக மூன்று வருட நல்கை. மதிப்பிட்டவர்கள் ஏழு பேரும் கல்வியாளர்கள்.

விண்ணப்பம் வந்த விதம்

அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஐந்து வாரம். முன்பின் பழக்கமில்லாத இரு தரப்பு ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு, கேள்வியைச் சேர்ந்து முடிவு செய்து, வரவுசெலவு போட அது போதாது. நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். பல்கலைக்கழகம் விண்ணப்பத்தை எழுதியது. சங்கத்தின் கைக்கு அது கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போனது. செயலாளர் ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தின் வாசகம், அதே சுற்றில் வந்த வேறு இரண்டு விண்ணப்பங்களில் இருந்த கடிதங்களோடு ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்துப்போனது. நான் அதைக் கவனித்தேன். ஒரே மாதிரிப் படிவத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள், இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். முதல் தவறு அது.

இரண்டாவது, வரவுசெலவுப் பக்கம். மொத்தத் தொகையில் சங்கத்தின் பங்கு பத்து சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் 'செலவு செய்துவிட்டு ரசீது கொடுத்தால் பல்கலைக்கழகம் திருப்பித் தரும்' என்ற முறையில். நிர்வாகச் செலவுக்கான மேல்படி எங்கள் விதிப்படி பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியில், நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம் நிர்வாகச் செலவாகச் சேர்க்கப்படுகிறது. வாங்குவது பெரிய பல்கலைக்கழகமா சின்னச் சங்கமா என்ற வித்தியாசம் அதில் இல்லை. எங்கள் விதியை எழுதியவர்களுக்குச் சங்கம் என்றால் வாடகை, மின்கட்டணம், கணக்கெழுதும் ஆள் எதுவும் இல்லாத ஏதோ ஒன்று என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டும்.

கூட்டாளிகள் தங்கள் பங்காகக் கொஞ்சம் போட வேண்டும் என்றும் கேட்டிருந்தோம். இதுவும் வழக்கமானதே. கனடாவின் பெரிய நல்கைக்கு 35 சதவீதம் வெளியிலிருந்து பணமாகவோ உழைப்பாகவோ வர வேண்டும். இங்கே சங்கத்தினர் தங்கள் உழைப்பு நேரத்தைப் பங்காகக் காட்டினார்கள். பேராசிரியையின் ஒரு மணி நேரம் அவர் சம்பளக் கணக்கில் மதிப்பிடப்பட்டது. குடியிருப்பவர்களின் ஒரு மணி நேரம் 'தன்னார்வம்' என்ற தலைப்பில் அதன் சிறு பகுதிக்கு. மதிப்பீட்டுக் குழுவில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. திட்டம் நல்ல மதிப்பெண் வாங்கித் தேர்வானது.

முதல் எட்டு மாதம்: கவனித்தவை

திட்டம் எளிமையாகத்தான் தெரிந்தது. குவாரியைச் சுற்றி 14 வீடுகளில் குறைந்த விலை உணரிகளைப் பொருத்தி, 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைவான நுண்துகள்களைத் தொடர்ந்து அளப்பது. குடியிருப்பவர்களில் ஐந்து பேருக்குப் பயிற்சி கொடுத்து, கருவிகளைத் துடைப்பது, இணைப்பைச் சரிபார்ப்பது, பதிவேடு எழுதுவது ஆகியவற்றுக்கு மாதப்படி.

முதல் அரையாண்டு அறிக்கை வழவழவென்று இருந்தது. ஆனால் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை. முதல் மூன்று மாதம் எல்லாக் கருவிகளும் ஓடியிருக்கின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக நின்றிருக்கின்றன. ஐந்தாவது மாதத்தில் எட்டுதான் ஓட்டத்தில். காரணம் என்று 'சமூக ஈடுபாட்டில் தொய்வு' என எழுதியிருந்தார்கள். எட்டாவது மாதம் நேரில் போனேன்.

செயலாளர் ஒரு கோப்பை எடுத்து வைத்தார். ஐந்து பேருக்கும் முதல் மூன்று மாதப் படியைத் தன் சேமிப்பிலிருந்து கொடுத்திருந்தார். அதைத் திரும்பக் கேட்டு அனுப்பிய பட்டியல் பல்கலைக்கழக நிதிப் பிரிவிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. முதல் முறை, பணம் வாங்கிய ஐவரும் 'விற்பனையாளர்' பதிவுப் படிவம் நிரப்பவில்லை என்று. இரண்டாம் முறை, ரசீதில் வரி எண் இல்லை என்று. கருவி துடைக்கிறவருக்கு ஏது வரி எண்? ஐந்து மாதமாக ஒரு காசும் திரும்பவில்லை. இருவர் நின்றுவிட்டார்கள். அவர்கள் பொறுப்பில் இருந்த கருவிகள்தான் முதலில் நின்றவை.

"சார், கருவிக்கு மூணு வருஷப் பராமரிப்புப் பணம் முதல் மாசமே கம்பெனிக்குப் போயிருச்சு. அதைத் துடைக்கிறவங்ககிட்ட மட்டும்தான் ரசீது கேக்கறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பைத் திருப்பிக் காட்டியபடி சொன்னார். அறிக்கையில் இருந்த 'தொய்வு' எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது சிக்கல் அறிவியல் சார்ந்தது. பணச் சிக்கலோடு அது எப்படிப் பின்னிக்கிடந்தது என்பது எனக்கு உறைக்க நாளானது. உணரிகள் காட்டிய நுண்துகள் அளவு பெரும்பாலான நாட்களில் அதிகமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வருட சராசரி வரம்பை ஒரு கன மீட்டர் காற்றுக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்திருந்தது. அதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, ஆனால் தூரத்தில் குவாரியே இல்லாத இடத்திலும் அதே அளவுதான். ஆய்வுக் குழுவின் இளம் ஆய்வாளர் கூட்டத்தில் நேர்மையாகவே சொன்னார்: தரவைப் பார்த்தால் குவாரியின் பங்கு பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பெண்மணி எழுந்து போய், அன்று காலை ஜன்னல் விளிம்பைத் துடைத்த துணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. கல்லை உடைக்கும்போதும் அள்ளும்போதும் எழுவது பெரும்பாலும் பருமனான துகள்கள். இந்த வகை உணரிகள் சின்ன விசிறியால் காற்றை இழுத்து, லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கணக்கிடுபவை. நுண்துகள்களை ஓரளவு பிடிக்கும், பருமனான துகள்களைக் கோட்டைவிடும். காற்றில் ஈரப்பதம் ஏறினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பெருக்கும். அப்போது கூட்டியும் காட்டும். பேராசிரியைக்கு இது தெரியாததல்ல. நுண்துகள்தான் உடல்நல ஆய்வில் கவனம் பெறும் அளவு, கட்டுரையாகப் போடத் தோதானது. விண்ணப்பம் எழுதிய ஐந்து வாரத்தில் யாரும் குடியிருப்பவர்களிடம் 'எந்தத் தூசி?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. சங்கத்தில் ஒருவர் இரண்டு வருடமாக நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி போட்டு எழுதிவந்திருந்தார்: ராத்திரி லாரியில் ஏற்றும் நேரங்கள். மாத சராசரியில் அந்த நேரங்கள் கரைந்துபோயிருந்தன.

மூன்றாவது, தரவு யாருடையது என்பது. உள்ளாட்சி நடத்தும் ஒரு விசாரணைக் கூட்டத்தில் காட்ட, தங்கள் வீட்டுக் கருவியின் எண்களைச் சங்கம் கேட்டிருந்தது. கட்டுரை வெளிவரும்வரை தர முடியாது என்றது பல்கலைக்கழகம். ஒப்பந்தத்தைப் புரட்டினோம். 'தரவு' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், சேமிப்பகம் பற்றிய வரியில் மட்டும் இருந்தது.

எடுத்த முடிவுகள்

முகமைக்குள் மூன்று வழிகள் பேசப்பட்டன. திட்டத்தை நிறுத்துவது ஒன்று. பணத்தைக் கையாள நடுவில் ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தை நுழைப்பது இன்னொன்று. அது எங்கள் நிதிப் பிரிவுக்குப் பிடித்த வழி, தணிக்கைக்கு எளிது. ஆனால் அந்த நிறுவனம் தன் நிர்வாகச் செலவை எடுத்துக்கொண்ட பிறகு சங்கத்துக்கு மிஞ்சுவது இன்னும் குறையும். சங்கமும் கடைசிவரை கணக்கு வைக்கப் பழகாது. மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம்: நல்கையை இரண்டாகப் பிரித்து, சங்கத்தின் பங்கை நேரடியாகச் சங்கத்துக்கே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பணமாகக் கொடுப்பது.

சட்டப் பிரிவு எதிர்த்தது. 'தணிக்கை வரலாறு இல்லாத அமைப்புக்கு முன்பணமா?' தணிக்கை வரலாறு இல்லாததால் பணம் இல்லை, பணம் வராததால் தணிக்கை வரலாறு இல்லை. இந்த வட்டத்தை எங்கேயாவது உடைக்க வேண்டும். இறுதியில் ஒரு தவணைக்கு உச்சவரம்பு வைத்தோம். முந்தைய தவணைக் கணக்கு வராமல் அடுத்தது இல்லை என்றோம். அரை நேரக் கணக்காளர் ஒருவரைச் சங்கத்தில் உட்கார வைத்து, அவர் சம்பளத்தை முகமையே ஏற்றுக்கொண்டது. படிகளுக்கு ரசீதுக்குப் பதில் கையெழுத்திட்ட பெறுதல் பட்டியல் போதும் என்றோம். பிரிட்டனின் தேசிய உடல்நல, பராமரிப்பு ஆய்வு நிறுவனம், ஆய்வில் பங்கெடுக்கும் பொதுமக்களுக்குப் பணம் கொடுப்பது பற்றித் தனி வழிகாட்டுதலே வைத்திருக்கிறது. அதைக் காட்டியபோதுதான் நிதிப் பிரிவின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. வேறொருவர் முன்னாலேயே செய்திருக்கிறார் என்பது அலுவலகங்களில் பெரிய வாதம்.

ஆய்வுத் திட்டத்துக்கு நான்கு மாத இடைவெளி கொடுத்தோம், காலத்தைக் கூட்டி. அந்த மாதங்களில் அளவீடு கிடையாது. கேள்வியை மறுபடி எழுதுவது மட்டும். இதைக் கொடுக்க நான் தயங்கினேன், ஏனென்றால் 'நான்கு மாதம் எதுவும் செய்யவில்லை' என்று என் அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும். புதிய கேள்வி இப்படி அமைந்தது: ஏற்றும் இரவுகளில், காற்று தூசியைக் கொண்டுபோகும் பக்கத்தில் உள்ள வீடுகளில், பருமனான துகள்கள் எவ்வளவு கூடுகின்றன? இதற்காக மொட்டைமாடிகளில் தூசி படியும் ஜாடிகள் வைத்தார்கள். புனலும் பாட்டிலும்தான், ஒரு மாதம் திறந்து வைத்துப் படிந்ததை எடை போடுவது. கூடவே, 10 மைக்ரோமீட்டர்வரையான துகள்களை மணிக்கு ஒருமுறை அளக்கும் தரமான பீட்டா கதிர்க் கருவி ஒன்றைத் துறை இரவல் கொடுத்தது. அந்த மணிநேர எண்களை நோட்டுப் புத்தகத்தின் மணிகளோடு பொருத்திப் பார்ப்பது திட்டம்.

தரவுக்கு ஒரு பக்க உடன்படிக்கை எழுதினோம். கனடாவின் முதற்குடி மக்கள் 1998இல் வகுத்துக்கொண்ட உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கு கோட்பாடுகளிலிருந்து பேச்சைத் தொடங்கினோம். ஆனால் அவை ஓர் இனத்தின் தன்னாட்சியோடு சேர்ந்தவை. அப்படியே தூக்கி இங்கே ஒட்ட முடியாது என்று பேராசிரியை சொன்னது நியாயமாகப் பட்டது. இறுதி வடிவம்: மூல எண்களைச் சங்கம் உடனே பயன்படுத்தலாம், கருவியின் வரம்புகளைச் சொல்லும் குறிப்போடு. கட்டுரை வரைவு சங்கத்துக்கு 30 நாள் முன்னால் போகும். கருத்து சொல்லலாம், தடுக்க முடியாது. அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் இரண்டு கூட்டம் பிடித்தது.

நெறிமுறைக் குழுவில் சின்ன வேடிக்கை. அவர்கள் படிவத்தில் 'ஆய்வாளர்', 'பங்கேற்பாளர்' என்று இரண்டு கட்டங்கள்தான். தன் வீட்டுத் தூசியைத் தானே அளப்பவர் எந்தக் கட்டம்? இரண்டிலும் குறித்து அனுப்பினோம். திருப்பி அனுப்பவில்லை.

பின்விளைவு

முன்பணம் போன முதல் காலாண்டிலேயே கருவிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. நின்றுபோன இருவரில் ஒருவர் திரும்பினார். மற்றவர் வரவே இல்லை. நான் போய்ப் பேசியும் பயனில்லை. நடந்ததை அவர் மறக்கவில்லை, மறக்க வேண்டிய அவசியமும் இல்லை. செயலாளரின் சேமிப்பைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மேலும் இரண்டு மாதம் ஆனது, ஏனென்றால் பழைய செலவுக்குப் பழைய விதி என்றது நிதிப் பிரிவு. கணக்காளர் வந்தபின் முதல் இரண்டு தவணைக் கணக்கும் குறித்த நாளில் வந்தன. மூன்றாவது தாமதமானது, பல்கலைக்கழகம் அனுப்ப வேண்டிய பகுதிதான் வந்துசேரவில்லை.

ஆய்வின் விடை தெளிவாக இருந்தது. ஏற்றும் இரவுகளில் மணிநேர அளவு ஏறியது. காற்றின் கீழ்ப்பக்க வீடுகளின் ஜாடிகளில் படிவு கூடியது. நோட்டுப் புத்தகத்தின் மணிகளும் கருவியின் ஏற்றங்களும் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்தின. சில இரவுகளில் பொருந்தவில்லை. அவற்றையும் சங்கம் தன் அறிக்கையில் சேர்த்தது. செயலாளரின் பிடிவாதம் அது: "நாமளே விட்டுட்டா, அவங்க கண்டுபிடிச்சுக் காட்டுவாங்க."

விசாரணைக் கூட்டத்துக்குப் பிறகு லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டாயமானது, பாதைக்குத் தண்ணீர் தெளிப்பது தொடங்கியது. இரவில் ஏற்றுவது குறைந்தது, நிற்கவில்லை. இது திட்டத்தால் மட்டும் நடந்தது என்று நான் அறிக்கையில் எழுதவில்லை. பல வருடப் புகார்க் கடிதங்களுக்கும் பங்கு உண்டு.

விலை கொடுத்தவரும் உண்டு. இளம் ஆய்வாளரின் ஒப்பந்தம் இரண்டு வருடம். எட்டு மாதம் தவறான கேள்வியிலும் நான்கு மாதம் இடைவெளியிலும் போனதால், கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே அவர் வேலை முடிந்தது. நாங்கள் காலத்தைக் கூட்டியது திட்டத்துக்கு. அவர் சம்பளத்துக்கு அல்ல. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பேராசிரியையின் பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஒரு பக்க உடன்படிக்கைக்கோ விசாரணைக் கூட்டத்துக்கோ இடமில்லை. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை எடைபோடும் தேசிய மதிப்பீட்டில் சமூகத் தாக்கத்துக்கு 2014இல் 20 சதவீதமும் 2021இல் 25 சதவீதமும் மதிப்பெண் ஒதுக்கினார்கள். அங்கேகூட எண்ணப்படுவது கடைசியில் கிடைத்த தாக்கம். இடையில் மாடி மாடியாக ஏறி ஜாடி வைத்த மாதங்களுக்கு யாரும் எண் போடுவதில்லை.

அடுத்த சுற்றில் மாற்றியவை, இன்னும் தீராதவை

இரண்டாவது அறிவிப்பில் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு சிறு தயாரிப்பு நல்கை சேர்த்தோம். அதில் கேட்பது மூன்றே விஷயம்: கேள்வி, பணம் போகும் வழி, தரவு உடன்படிக்கை. கூடிவரவில்லை என்றால் பிரிந்துபோகலாம், பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். நிர்வாகச் செலவு எல்லாக் கூட்டாளிகளுக்கும் ஒரே விகிதம். முன்பணம்தான் வழக்கம், ரசீது முறை வேண்டும் என்றால் காரணம் எழுத வேண்டும். ஆய்வாளர் ஒப்பந்தம் திட்டக் காலத்தோடு சேர்ந்து நீளும். ஆதரவுக் கடிதத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் இரு தரப்போடும் தனித்தனியாக அரை மணி நேரம் பேசுகிறோம். அந்த அரை மணியில் நான் முதலில் கேட்பது, முதல் மாதச் செலவை யார் கையிலிருந்து போடுவார்கள் என்பது.

மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர் சமூக அமைப்புகளிலிருந்து வந்தார்கள். அவர்கள் இளகிய மனத்தோடு மதிப்பெண் போடுவார்கள் என்று சில கல்வியாளர்கள் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. 'வருடத்துக்கு பன்னிரண்டு கூட்டம்' என்று பெருமையாக எழுதியிருந்த ஒரு விண்ணப்பத்தைக் கவிழ்த்தது அவர்கள்தான்: வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டு.

தீராதது, நல்கை முடிந்தபின் என்ன என்பது. கணக்காளரின் சம்பளம் மூன்றாவது வருட முடிவோடு நின்றது. சங்கத்திடம் இப்போது ஒழுங்கான தணிக்கைக் கோப்பு இருக்கிறது, அதைக் காட்டிப் பணம் கேட்க எங்களிடம் தொடர் நல்கை இல்லை. அதற்கான குறிப்பை மூன்று முறை மேலே அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் விதிப்படி உணரிகள் பல்கலைக்கழகத்தின் சொத்து. கடைசி மாதம் ஒரு வேன் வந்து பதினான்கையும் எடுத்துப் போனது. தூசி ஜாடிகள் சொத்துப் பதிவேட்டில் ஏறும் அளவுக்கு விலை இல்லாதவை என்பதால் பட்டியலில் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவை இன்னும் மாடிகளில்தான் இருக்கின்றன. நோட்டுப் புத்தகக்காரர் மாதம் ஒருமுறை இறக்கி எடை போடுகிறார் என்று கேள்வி.